சத்தம் எந்த வழியாக வருகிறது? அடுக்குமாடி வீட்டு இரைச்சலுக்கு அறிகுறி வாரியாக ஒரு தேடல்

சென்னையில் பஸ் ரூட்டைப் பார்த்த மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சுவரில் ஒட்டும் கறுப்பு ஃபோம் பலகைகளை வாங்கி ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். பஸ் சத்தம் இம்மியும் குறையவில்லை. அறைக்குள் நாங்கள் பேசுவதுதான் கொஞ்சம் அமுங்கிக் கேட்டது. ஃபோம் அறைக்குள் சுற்றும் எதிரொலியைக் குடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை மறிக்க எடை வேண்டும், ஓட்டை இல்லாமலும் இருக்க வேண்டும். பஞ்சு மாதிரியான ஒரு பொருளால் அது முடியாது என்பது பணம் போன பிறகுதான் உறைத்தது.

அதன்பின் எங்கள் குடியிருப்புச் சங்க வேலையில் மாட்டிக்கொண்டு, பல வீடுகளின் சத்தப் புகார்களைக் கேட்கப் போனேன். எல்லோரும் சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்வார்கள். எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பஸ்ஸை நம்மால் நிறுத்த முடியாது, வழியை அடைக்கலாம்.

செலவு செய்வதற்கு முன்

இரவில் ஃபேனை நிறுத்திவிட்டு எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்துங்கள். சாத்தியதும் சத்தம் குறைந்தால் அது காற்று வழியாக வருகிறது. துளியும் குறையவில்லை என்றால் கட்டடத்தின் உடம்பு வழியாக வருகிறது. அடுத்து சுவரிலும் தரையிலும் உள்ளங்கையை வையுங்கள், காதையும் வைத்துப் பாருங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் மோட்டார், லிஃப்ட், கம்ப்ரஸர் என்று யோசிக்கலாம். மூன்றாவது சோதனை இலவசம்: மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் சத்தமும் நின்றதா என்று கவனியுங்கள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய அந்த அரை நிமிடம் போதும்.

போனில் இருக்கும் டெசிபெல் ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் வித்தியாசம் உதவும். 3 டெசிபெல் குறைந்தால் காதுக்கு லேசாகத்தான் தெரியும். 10 குறைந்தால் சத்தம் பாதியானது போல இருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45. என் பால்கனியில் 55-ஐப் பார்க்க நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்தியும் ரோடு வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது

அதிகம் வரும் புகார் இது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபக்கமும் பூச்சுடன், ஏறத்தாழ 50 டெசிபெல்லைத் தடுத்துவிடும். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறத்தாழ 30. ஓட்டை எதையும் தடுக்காது. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கும் இரும்பாகவே இருந்தாலும், அந்த ஜன்னல் மொத்தத்தில் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் வெறும் 10.

நூற்றில் ஒன்று என்பது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். நாலுக்கு நாலு அடி ஸ்லைடிங் ஜன்னல். நாலு ஓரத்திலும், இரண்டு கதவுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும் 3 மில்லிமீட்டர் இடுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் ஏறத்தாழ 28 சதுர அங்குலம், ஜன்னல் பரப்பில் 1.2 சதவீதம். ஐந்தாறு வருஷம் ஆன அலுமினிய ஸ்லைடிங்கில், ஓரத்து இடுக்கை மறைக்கும் பிரஷ் தேய்ந்துபோன பின், 3 மில்லிமீட்டர் இடுக்கு சர்வ சாதாரணம். அந்த ஜன்னலில் கண்ணாடியைத் தடிப்பாக்கினால் பணம்தான் போகும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி ஒன்று போதும். வெளியே கொஞ்சம் காற்று இருக்கும் நேரமாகப் பார்த்து, ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று சாய்கிறதோ அங்கே ஒலியும் நுழைகிறது. நான் போன வீடுகளில் திரும்பத் திரும்பச் சிக்கிய இடங்கள்: ஏ.சி.யின் செப்புக் குழாய்க்காகத் துளைத்துவிட்டு ஓரத்தை அடைக்காமல் போன ஓட்டை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் மேலாக வெள்ளை சிமெண்ட் பூசி உள்ளே காலியாக விட்ட இடம், வாசல் கதவின் அடி. முன்கதவின் அடியில் அரை அங்குலம் இருந்தால் மாடிப்படியில் நடக்கும் பேச்செல்லாம் நம் ஹாலில்தான்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் சுவர் ஓட்டைகளைச் சிமெண்ட் கலவையால் கெட்டியாக அடைப்பது. ஃபோம் ஸ்ப்ரே மட்டும் அடித்தால் எடை போதாது. பிறகு பிரஷ், ரப்பர் மாற்றுவது. அதிலும் போதவில்லை என்றால் ஸ்லைடிங்கை எடுத்துவிட்டு, கதவு போலத் திறந்து ரப்பரை அழுத்தி மூடும் ஜன்னல். கண்ணாடியைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேச வேண்டும். அப்போதும் கடைக்காரர் காட்டும் இரட்டைக் கண்ணாடியை உடனே வாங்கிவிடாதீர்கள். நடுவில் அரை அங்குலக் காற்று இடைவெளி உள்ள அந்த அமைப்பு வெயிலுக்கு நல்லது. பஸ், லாரியின் அடித்தொண்டை உறுமலுக்கு அதைவிட, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லாமினேட் கண்ணாடி பொதுவாக நன்றாக வேலை செய்யும். இடம் இருந்தால் இன்னும் நல்ல வழி, பழைய ஜன்னலை அப்படியே வைத்து உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு ஜன்னல் போடுவது.

நம் ஊர் வெக்கையில் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு எப்படித் தூங்குவது என்று கேட்பீர்கள். நியாயம். பாதி திறந்த ஜன்னல் 10, 15 டெசிபெல்தான் குறைக்கும். ரோட்டுப் பக்கத்தை இறுக்கி, பின்பக்க ஜன்னலைத் திறந்து, நடுக்கதவைத் திறந்து வைப்பதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. ஹாங்காங்கில் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றில் இதையே ஒரு ஜன்னலுக்குள் செய்திருக்கிறார்கள். இரண்டு அடுக்குக் கண்ணாடியில் திறப்புகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கும். காற்று வளைந்து உள்ளே வந்துவிடும். ஒலி வரும் வழியில் மோதி மோதிக் கணிசமாகத் தேய்ந்துவிடும். இங்கே ஜன்னல் செய்யும் ஒரு நல்ல ஃபேப்ரிகேட்டர் மனசு வைத்தால் செய்ய முடியாத வேலை இல்லை.

மேல்மாடிக்குப் போனால் குறையும் என்றார்கள், குறையவில்லை

புரோக்கர் சொல்லும் கணக்கு இது. ஒரே ஒரு ஆட்டோ என்றால் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் குறையும். இடைவிடாமல் ஓடும் சாலை ஒரு நீளக்கோடு மாதிரி, அதற்கு 3 தான். உங்கள் சுவர் சாலையிலிருந்து 10 மீட்டர் என்றால், 12 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜன்னலுக்குச் சாய்வுத் தூரம் 15.6 மீட்டர். குறைவது 2 டெசிபெல்கூட இல்லை. கீழ்வீட்டுக்குக் காம்பவுண்டு சுவராவது கொஞ்சம் மறைப்பு தரும். மேலே அதுவும் இல்லை, சாலையின் இரண்டு முனையும் தெரிகிறது. எதிரே மேம்பாலம் இருந்தால் பாலத்தின் தளத்துக்குச் சமமாகவும் மேலேயும் இருக்கும் மாடிகளுக்குத்தான் அடி அதிகம். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும் ‘டக் டக்’ அவர்களுக்கு இலவசம்.

எதிர்வரிசைக் கட்டடமும் சேர்ந்துகொள்ளும். குறுகிய சாலையின் இருபுறமும் உயரமான, வழவழப்பான முகப்புகள் எழுந்தால் சத்தம் இரண்டுக்கும் நடுவில் பந்து போலத் தட்டுப்பட்டு, மேலே தப்பிப் போக நேரமெடுக்கிறது. முழுக்கக் கண்ணாடி, அலுமினியத் தகடு என்று மழமழவென்று வருவதை விட, பால்கனியும் சன்ஷேடும் உள்வாங்கிய ஜன்னல்களுமாக மேடுபள்ளமாக இருக்கும் முகப்பு ஒலியைச் சிதறடிக்கும்.

பால்கனியைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. படுக்கையறைக் கதவருகே நின்று பாருங்கள், சாலை தெரிகிறதா? கம்பிக் கைப்பிடி என்றால் தெரியும். கெட்டியான கைப்பிடிச்சுவர் என்றால் தெரியாது, கண்ணுக்கு மறைந்தது ஓரளவு காதுக்கும் மறையும். ஆனால் மேல்வீட்டு பால்கனியின் அடிப்பக்கம் கண்ணாடி போல் வேலை செய்து, கீழிருந்து ஏறும் சத்தத்தை நேராக உங்கள் கதவுக்குத் திருப்பிவிடும். கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் இடுக்கில்லாமல் தடித்த ஷீட் அடைத்து, பால்கனி கூரையில் சிமெண்டும் மரச்சீவலும் கலந்த வுட்வுல் பலகை போட்டால் இரண்டும் சேர்ந்துதான் பலன் தரும். ஷீட் அடைப்பதற்கு முன் கைப்பிடி காற்றின் அழுத்தத்தைத் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள்.

வரிசையாகத் தொட்டிச்செடி வைப்பது அழகுக்கு. வாசலில் ஒரு வேப்பமரமும் அப்படித்தான். இலைகள் சலசலத்து மனசை ஆற்றும், டெசிபெல்லைக் குறைக்காது.

பின்பக்க அறையில்கூட ரோடு கேட்கிறது

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் மீதமிருக்கும் பழைய வீடுகளில் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். பக்கத்துச் சுவரோடு சுவர் ஒட்டி, தெரு முழுக்க ஒரே தொடர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நாலைந்து அடுக்கு தாண்டினால் கொல்லையில் காக்கை கத்துவது கேட்கும். தெருவில் நிற்கும் வீட்டு வரிசையே ஒரு நீளமான மதில். நாம் இப்போது கட்டுவது நாலு பக்கமும் இடம் விட்ட தனித்தனிப் பெட்டிகள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தீயணைப்புக்கும் அந்த இடைவெளி அவசியம்தான், விதியும் அதைக் கேட்கிறது. ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் உள்ள அந்தச் சந்து ஒலிக்கு ஒரு குழாய். இருபுறமும் சிமெண்ட் பூச்சு, கீழே சிமெண்ட் தரை. உள்ளே நுழைந்த சத்தம் பின்கட்டு வரைக்கும் நடந்தே வந்துவிடும்.

சந்தின் வாயில் இருக்கும் கம்பி கேட்டுக்குப் பதில் தகடு அடித்த கெட்டியான கேட் போட்டுப் பாருங்கள், தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் வித்தியாசம் தெரியும். அவசரத்துக்குத் திறக்கிற மாதிரி இருக்கட்டும், நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். புதிதாகக் கட்டுகிறவர் என்றால் வேலை இன்னும் சுலபம். மாடிப்படி, சமையலறை, குளியலறை, ஸ்டோர் எல்லாம் ரோட்டுப் பக்கம், படுக்கையறை பின்பக்கம். மனையின் முகப்பில் பெரிய ஜன்னலோடு மாஸ்டர் பெட்ரூம் வைத்தால்தான் கௌரவம் என்று வரைபடம் போடுகிறார்கள், பிறகு கனமான திரை வாங்குகிறார்கள்.

பாத்ரூமில் யாரோ பேசுகிறார்கள்

பேய் இல்லை, ஓ.டி.எஸ்., அதாவது ‘ஓபன் டு ஸ்கை’. நாலு மாடிக் குளியலறைகளும் லூவர் கண்ணாடியோடு திறக்கும் அந்த ஆகாயக் கிணறு. வெளியில் என்றால் சத்தம் விரிந்து விரிந்து தேயும். இங்கே நாலு பக்கமும் சுவர் இருப்பதால் விரிய இடமில்லை. கீழ்வீட்டில் ஒருவர் பல் தேய்த்துக் காறினால் நாலாவது மாடியில் தூக்கம் கலையும். குடும்பச் சண்டைகளும் ஜாதகப் பொருத்தமும் ஒளிவுமறைவில்லாமல் ஏறி இறங்கும்.

இதில் உடனே பலன் தருவது ஓ.டி.எஸ். பக்கம் இல்லை, குளியலறைக் கதவில்தான். கதவின் மேல் வென்டிலேட்டரையும் அடி இடுக்கையும் சரிசெய்தால் சத்தம் குளியலறையோடு நிற்கும். அடுத்து லூவரை எடுத்துவிட்டு நிலையான கண்ணாடி வைத்து, காற்றுக்கு இரண்டு வளைவு உள்ள ஒரு டக்ட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு எச்சரிக்கை: குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் எந்தத் திறப்பையும் அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள், சத்தம் பிறகு.

ஓ.டி.எஸ்.ஸுக்குள் ஏ.சி. வெளி யூனிட்டுகளைத் தொங்கவிட்டிருந்தால் அவற்றை மொட்டைமாடிக்கு ஏற்றுவதுதான் தீர்வு. கிணற்றுக்குள் அவை ஒன்றன் சூட்டை ஒன்று இழுத்துத் திணறி, இன்னும் வேகமாக இரைகின்றன.

சுவருக்குள் யாரோ அருவி திறந்துவிட்டது போலக் கேட்டால் அது மேல்வீட்டு ஃப்ளஷ். பழைய வார்ப்பிரும்புக் குழாயின் எடை பி.வி.சி.க்குக் கிடையாது. குழாயைத் தடித்த ரப்பர் விரிப்பால் சுற்றி, மேலே சிமெண்ட் போர்டு மூடி போட்டால் அடங்கும்.

மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள்

மேல்வீட்டு டி.வி. கேட்காது, நாற்காலி கேட்கும். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் பேச்சை நன்றாகவே தடுக்கும், ஆனால் நேரடியாகத் தட்டினால் அதே தளம் மேளத்தோல். அம்மிக்கல், கிரைண்டர், குழந்தைகள் ஓட்டம் எல்லாம் இந்த வகை. சண்டைக்குப் போகும் முன் யார் வீடு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தளமும் தூணும் ஒன்றாக வார்க்கப்பட்டவை, கோணல்மாணலாகப் பக்கவாட்டு வீட்டுச் சத்தமும் தலைக்கு மேலிருந்து வருவது போலவே இருக்கும். எங்கள் பிளாக்கில் ஒருவர் ஆறு மாதம் தவறான வீட்டோடு முகம் கொடுக்காமல் இருந்தார்.

ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்வார்கள். கூரையோடு விறைப்பாகத் தொங்கவிட்ட சாதாரண ஜிப்சம் சீலிங்கால் பெரிய பலன் இல்லை. சுவர் வழியாக இறங்கி வரும் அதிர்வை அது தொடுவதுகூட இல்லை. அதிர்வு கிளம்பும் இடத்தில் தடுப்பதுதான் மலிவு. நான் செய்தது: நாற்காலிக் கால் ரப்பர் புஷ் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு மேலே போனேன். “அக்கா, தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்டுக்கு வாங்கினது மிச்சமாயிடுச்சு” என்றேன். பொய்தான். அவர் காபி கொடுத்தார், அடுத்த வாரம் கிரைண்டருக்கு அடியிலும் ஒரு ரப்பர் ஷீட் போட்டிருந்தார்.

தரையைப் புதுப்பிக்கிறவர்களுக்கு மட்டும்: டைல்ஸ் போடும் கலவைக்கு அடியில் ரப்பர் அல்லது பாலிஎத்திலீன் விரிப்பு போட்டு, அதைச் சுவர் ஓரங்களில் மேலே மடித்துவிடச் சொல்லுங்கள். கலவை ஓரிடத்தில் சுவரைத் தொட்டாலும் அந்த இடம் வழியாக அதிர்வு இறங்கிவிடும். மேஸ்திரி ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்பார். பக்கத்தில் நில்லுங்கள்.

விடிகாலை ஐந்து மணிக்குச் சுவர் உறுமுகிறது

கரண்ட் சோதனையில் பிடிபடுவது இதுதான்: சம்ப் மோட்டார். ஜன்னலைச் சாத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்கும், ரோட்டுச் சத்தம் விலகிவிட்டதே. மோட்டாரைத் தரையோடு போல்ட் போட்டு, விறைத்த குழாயை இணைத்து, அந்தக் குழாயைச் சுவரில் இரும்புக் கிளாம்ப்பால் கட்டி மொட்டைமாடி வரை ஏற்றியிருப்பார்கள். குழாய் போகும் ஒவ்வொரு வீடும் ஒரு ஸ்பீக்கர். மோட்டாருக்கு அடியில் ரப்பர் மவுண்ட், மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவில் வளையக்கூடிய ரப்பர் இணைப்பு, கிளாம்ப்புக்குள் ரப்பர் பட்டை. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு ‘போட்டுப் பார்த்தோம், வேலைக்கு ஆகலை’ என்று சங்கக் கூட்டத்தில் சொல்வது வழக்கம்.

மோட்டார் நிற்கும் நொடியில் ‘தட்’டென்று சுவரில் அடித்தால், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கி, அதைத் தடுக்க வைத்த நான்-ரிட்டர்ன் வால்வை அறைகிறது. ஸ்பிரிங் வைத்த வால்வாக மாற்றினால், தண்ணீர் திரும்பும் முன்பே மூடிக்கொள்ளும். மேல் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசைதான் பிரச்சினை என்றால், விழும் குழாயைத் தண்ணீருக்குள் இறங்கும்படி நீட்டி, நீர்மட்டத்துக்கு மேலே அதில் ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். துளை இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரைக் குழாய் பின்னுக்கு இழுக்கக்கூடும்.

ஜெனரேட்டர் என்றால், 1000 கே.வி.ஏ. வரையிலான செட்டுகளுக்கு, உறையிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல் என்பது சட்டம் வைத்த வரம்பு. உறையின் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். பக்கத்து மனையின் ஸ்பீக்கர் என்றால், தனியார் இடத்து ஒலிக்கருவியின் சத்தம் அவர்கள் எல்லையில் அந்தப் பகுதிக்கான வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டக் கூடாது என்ற விதி கைகொடுக்கும்.

ஒரு பைக் கிளம்பினால் கட்டடமே கிளம்புகிறது

கட்டடத்தைத் தூண்களில் நிறுத்தி, அடியில் வண்டி விடும் ஸ்டில்ட் பார்க்கிங்கின் குணம். மேலும் கீழும் கான்கிரீட், நடுவில் வழவழப்பான தூண்கள், சத்தத்தை விழுங்க ஒரு பொருள் கிடையாது. கூரைக்கு வுட்வுல் பலகை அடிக்கலாம். இங்கே ஃபோம் ஒட்டவே கூடாது, வண்டிகளும் மீட்டர் போர்டும் இருக்கும் இடத்தில் அது தீக்கு எண்ணெய். ஆனால் கூரையைத் தொடும் முன் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். எங்கள் கட்டடத்தில் இரவெல்லாம் ‘டொக்… டொக்’ என்று எழுப்பிய ஒலி, கேட் அருகே ஆடிக்கொண்டிருந்த வடிகால் சிலாப். பழைய சைக்கிள் டயரை வெட்டி அடியில் கொடுத்ததோடு முடிந்தது.

காற்றடித்தால் விசில்

உயர்ந்த மாடிகளிலும் கடலோரமாகவும் மதியம் கடற்காற்று எழும்போது வரும். கூர்மையான ஓரத்தையோ இடுக்கையோ துளையுள்ள கைப்பிடிக் குழாயையோ காற்று தாண்டும்போது புல்லாங்குழல் வாசிக்கிறது. 2006-இல் கட்டி முடித்த மான்செஸ்டரின் 169 மீட்டர் பீத்தம் டவர், உச்சியில் நிற்கும் கண்ணாடித் தகட்டில் காற்று மோதி ஊரே கேட்க ரீங்கரித்தது. ஃபோம் வைத்தார்கள், ஓரங்களில் அலுமினிய மூக்கு வைத்தார்கள், அதன்பிறகும் பலத்த காற்றில் அது பாடியது. உங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகாது. விசில் வரும்போது சந்தேகப்படும் துளைகளையும் ஓரங்களையும் ஒவ்வொன்றாக டேப் ஒட்டிக்கொண்டே வாருங்கள். எந்த டேப்போடு ஓசை நிற்கிறதோ அதுதான் இடம். துளை என்றால் பிளாஸ்டிக் மூடி, ஜன்னல் இடுக்கு என்றால் ரப்பர். தகட்டின் ஓரம் என்றால் அதன்மேல் ஒரு யு வடிவ ரப்பர் பட்டையைச் செருகிவிட்டு, அடுத்த காற்று வரும்வரை காத்திருங்கள்.